செத்தவீட்டு விலை

கமலநாயகி அக்காவுக்கு விலை சொல்ல எங்கள் முதலாளிக்கே பயம். அவர் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதைக் கண்டதும் இராசலிங்கம் அண்ணை கல்லாவை என்னிடம் விட்டுவிட்டுப் பின்பக்கம் பெட்டி உடைக்கப் போய்விடுவார். "சிவசக்தி, நீ பார் பிள்ளை. அந்த மனிசியோட எனக்கு ஏலாது," என்பார். ஜேர்மன் ஊரான பீலெஃபெல்டில் இத்தனை காலம் தமிழ்க்கடை நடத்துகிறவர், எத்தனையோ மொத்த வியாபாரிகளை ஒரு கை பார்த்தவர், ஒரு பொம்பிளைக்குப் பயந்து வெங்காயப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிவார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அகப்படுவது நான் அல்லவா!

அக்கா ஒரு முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்ப்பார்.

"என்ன விலை?"

சொல்வேன்.

"இது செவ்வாய்க்கிழமை பிளேனில வந்தது. இண்டைக்கு வெள்ளி. பெட்டியில முக்கால்வாசிதான் விக்கத்தக்கது, மிச்சத்தை எறியப்போறியள். எறியிறதின்ர காசையும் என்ர தலையில கட்டுறியளோ?"

"அக்கா, நான் சம்பளத்துக்கு நிக்கிறவள்."

"அப்ப முதலாளியைக் கூப்பிடு. வெங்காயத்துக்குப் பின்னாலதான் நிக்கிறார். சப்பாத்துக் கால் தெரியுது."

வாங்காமல் போகமாட்டார். சொன்ன விலைக்கு வாங்கவும் மாட்டார். பத்துச் சதம் குறைத்துக் கொடுத்தால் போதும், முகமெல்லாம் பல்லாகிவிடும். அந்தப் பத்துச் சதத்தை என்ன செய்வார் தெரியுமா? கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கோயில் உண்டியலில் போட்டுவிட்டுப் போவார். காசுக்காகப் பேரம் பேசுகிற மனிதரை எனக்கு விளங்கும். இது வேறு வியாதி.

எங்கள் சனம் எதை வாங்குவதானாலும் முதலில் அவருக்குத்தான் போன் அடிக்கும். பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்தியவீட்டு மண்டபம், கூறைச்சேலை, படம் பிடிக்கிறவர், பழைய கார், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விலை இருந்தது. "அதுக்கு மேல ஒரு சதம் குடாதை," என்று சொல்லிவிட்டால் அதுதான் கடைசி. செத்தவீடு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கடைக்குப் போக மனம் வருமா? அக்கா பைகளோடு வந்து தேங்காய், வெற்றிலை, வாழையிலை, வேட்டி எல்லாம் வாங்கிக்கொண்டு போவார். அன்றைக்கு மட்டும் பேரம் கிடையாது. செத்தவீட்டுச் சாமானுக்கு இராசலிங்கம் அண்ணை லாபம் வைப்பதில்லை. தான் வாங்கின விலை எதுவோ அதையே சொல்வார். இது அவருடைய தகப்பன் சாவகச்சேரியில் கடை வைத்திருந்த காலத்து வழக்கமாம். அக்காவும் வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார்.

அக்காவின் கணவர் சிறீதரன் அண்ணை அவருக்கு நேர்மாறு. எண்பதுகளில் கிழக்கு ஜேர்மன் பக்கம் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, சுவரைத் தாண்டி மேற்குப் பக்கம் வந்து, அகதி முகாம் முகாமாக அலைந்து கடைசியில் பீலெஃபெல்டில் கால் ஊன்றியவர். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற மனிதர். அக்கா பிறகு வந்து சேர்ந்தார். ஒரு தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று பீட்ஸாவுக்குச் சீஸ் தூவுகிற வேலை, முழங்கால் தேயும்வரை. "இந்த மனிசனை நம்பி இருந்திருந்தால் நாங்கள் இப்பவும் முகாமிலதான் இருந்திருப்பம்," என்று அவர் முன்னாலேயே சொல்வார். சிறீதரன் அண்ணை தலையாட்டிச் சிரிப்பார்.

மகள் தேனுஜா பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து, கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி ஒரு பழைய கையேட்டைப் பற்றி. அறுநூறு வருடங்களுக்கு முந்திய ஒரு வடக்கு ஜேர்மன் வியாபாரி, பிள்ளைகள் சந்தையில் ஏமாந்துபோகக் கூடாதென்று எழுதிவைத்தது. மிளகு, கறுவா, குங்குமப்பூ, மெழுகு, உப்பிட்ட மீன் என்று ஒவ்வொரு சாமானையும் எப்படிப் பார்ப்பது, எப்படி விலை போடுவது என்பதுதான் அதில் முழுக்க. அவள் அதை இன்றைய ஜேர்மனுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். குசினியில் தாய் மரக்கறி வெட்டும்போது தமிழில் சொல்லிக் காட்டுவாள். 'மூட்டையின் நிறையைக் கழி. தூசியைக் கழி. ஈரத்தைக் கழி, ஈரமான மூட்டை பொய் சொல்லும். பிறகு பாலத்துக்குப் பாலம் கட்டின வரியைக் கூட்டு. வழியில் கள்ளர் பறித்ததை, ஆற்றில் மூழ்கினதை, தப்பி வந்த மூட்டையின் மேல் ஏற்று.'

அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். கடைக்கு வந்து என்னிடம் சொல்வார்: "சிவசக்தி, இவன் எங்கட ஆளடி! மீன் பீப்பாவை மேலால திறந்து பாராதை, அடியால திற எண்டு எழுதியிருக்கிறான். இதைத்தானே நான் ஸ்ட்ரோபெரிப் பெட்டிக்குச் சொல்லுறனான்!"

அவருக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. 'விலையை முதலில் சொல்கிறவன் தோற்றான். மற்றவன் வாய் திறக்கும்வரை சாமானைப் பார்த்துக்கொண்டு நில்.' இதைக் கடைக்கு வருகிற போகிற எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க வயிறு எரியும். இப்படி நின்றுதானே தன் பிள்ளையை இழந்தார்!

மூத்தவன் கஜரூபன், எங்களுக்குக் கஜன். கிருசாந்தி என்று ஒரு பிள்ளையை விரும்பினான். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம், எல்லோருக்கும் சம்மதம். இரண்டு வீட்டாரும் அக்காவின் வீட்டில் இருந்து கதைத்தார்கள். நானும் பலகாரம் கொடுத்துக்கொண்டு நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கிருசாந்தியின் தகப்பனே, மகளுக்கு இன்ன நகை போடுகிறேன், மண்டபச் செலவில் பாதி என்னுடையது என்றார். "ஓம், நல்லது," என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சாப்பாட்டுச் செலவையும் நீங்கள் பார்த்தியள் எண்டால் நல்லது," என்றார்.

அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்றார். அதோடாவது விட்டாரா?

"அப்ப மண்டபத்தையும் முழுசா உங்கட பக்கமே வச்சிடுவம்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "அக்கா, நான் பிள்ளை குடுக்க வந்தனான். விக்க வரேல்லை," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கஜன் படியில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். சரிவரவில்லை. அடுத்த வருடமே அந்தப் பிள்ளையை லண்டனில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கஜன் ஹனோவரில் வேலை எடுத்துக்கொண்டு போனவன்தான், பிறகு தாயோடு ஒரு வார்த்தை இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அக்காவுக்கு அந்தச் சாப்பாட்டுக் காசு தேவையே இல்லை. கலியாணம் முடிந்திருந்தால் அதைவிடக் கூடவாக மருமகளுக்குச் செய்திருப்பார். முதல் சொன்ன விலைக்கு ஓம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதற்காக மனிதர் முருங்கைக்காய் ஆகிவிடுவார்களா?

"போய் ஒருக்கால் கதையுங்கோ அக்கா," என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ரெயில் ஏறினால் ஒரு மணித்தியாலம்.

"பெத்தவள் நானோ முதல் போறது? அவன் வரட்டும். வந்தால் நான் என்ன அடிச்சே துரத்தப்போறன்?"

"அஞ்சு வருஷமாகுது."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்? நான் நாளைக்கே சாகப்போறன்?"

அந்தக் குளிர்காலத்தில்தான் அக்கா மெலியத் தொடங்கினார். சாப்பாடு இறங்கவில்லை, முதுகில் வலி. வைத்தியசாலையில் எல்லாச் சோதனையும் முடித்து நாள் குறித்து டெர்மின் கொடுத்துக் கூப்பிட்டார்கள். அக்கா, சிறீதரன் அண்ணை, தேனுஜா மூன்று பேரும் போனார்கள். ஜேர்மன் வைத்தியர்கள் நோயாளியிடம் எதையும் மறைப்பதில்லை. அந்தப் பெண் வைத்தியர் அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னாராம்: கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, சுகப்படுத்த முடியாது, மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கிடைக்கலாம், யாரைப் பார்க்கவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று இப்போதே யோசியுங்கள். அக்காவின் ஜேர்மன், பெல்ட்டுக்கு முன்னால் நின்று படித்த ஜேர்மன். வைத்தியர் பேச்சு பிடிபடவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"வயித்தில புண்ணாம் அம்மா. மருந்து ஏத்தினால் ஆறுமாம். கொஞ்சநாள் எடுக்குமாம்."

சிறீதரன் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எல்லாம் சொல்லிவிட்டாயா என்று வைத்தியர் கேட்டதற்குத் தேனுஜா ஓம் என்றாளாம்.

இதை அவளே என்னிடம் அழுது சொன்னாள். எனக்கு வந்த கோபம்! அறுநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு வியாபாரியின் ஒற்றைச் சொல்லுக்கு மூன்று அகராதி புரட்டுகிறவள், உயிரோடு இருக்கிற தாய்க்குச் சொல்லவேண்டியதை இப்படி விழுங்கிவிட்டாளே!

"நீ ஆரடி அதை மறைக்க?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சால் அம்மா அண்டைக்கே படுத்திடுவா அக்கா. எங்கட ஆக்கள் ஆர் இதை நேர சொல்லுறவை? நீங்கள் சொல்லுவியளோ உங்கட அம்மாவுக்கு?"

சொல்லியிருக்க மாட்டேன்தான். எங்கள் குடும்பங்களில் நோயில் கிடக்கிற வருத்தக்காரரைத் தவிர எல்லோருக்கும் என்ன வருத்தம் என்று தெரியும்.

"கஜன்?"

"அவன் திடீரெண்டு வந்து நிண்டால் அம்மா கண்டுபிடிச்சிடுவா. அதை நான் பாக்கிறன், நீங்கள் விடுங்கோ," என்றாள். வாய் திறக்கமாட்டேன் என்று அம்மாளாச்சி பேரில் என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். இப்படித்தான் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியானேன்.

அதன்பிறகு அக்கா மகனைப் பற்றி "வரட்டும், பாப்பம்," என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கு நுனிவரை வரும். மென்று விழுங்குவேன். எவ்வளவு மிச்சம் என்று தெரிந்திருந்தால் அந்த மனிசி அன்றைக்கே ரெயில் ஏறியிருக்கும். தெரியாதபடியால் இன்னும் வீம்பு பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாவிகள் நாங்கள், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

மருந்து ஏற்றுகிற இடத்துக்கு ஒருநாள் நானும் கூடப் போனேன். அக்காவின் கையில் ஊசி. பக்கத்தில் தேனுஜா கையேட்டின் அச்சுப் பிரதியோடு இருந்து வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கறுவாவை உடைத்து மணந்து பார்க்கிற பகுதி. அக்கா கண்ணை மூடியபடி, "ஓம், ஓம், சரி," என்று தலையாட்டினார். அடுத்த பக்கத்தின் தலைப்பு எனக்கும் தெரிந்தது. கொள்ளைநோய் வந்த ஊரில் எப்படி விற்பது, சாகப்போகிறவனுக்கு ஏன் கடன் கொடுக்கக்கூடாது. தேனுஜா தாளைத் தட்டினாள்.

"என்ன, ஒண்டை விட்டிட்டாய்?" அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அது மெழுகைப் பற்றி அம்மா. உங்களுக்குப் பிடிக்காது."

இதற்கிடையில் ஒருநாள் சிறீதரன் அண்ணை அரிசி வாங்கக் கடைக்கு வந்தவர், மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். இராசலிங்கம் அண்ணைக்கு எல்லாம் சொல்லி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்று கையைப் பிடித்தார். முதலாளி இளகின மனிதர். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா தனியாகக் கடைக்கு வந்தார். ஜக்கெட் தோளில் தொங்கியது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வழக்கம்போல முதலாளி ஒளிவார் என்று பார்த்தால், ஓடிவந்து கதிரை எடுத்துப் போட்டார். என்னைத் தள்ளிவிட்டுத் தானே கல்லாவில் நின்றார். அக்கா கதிரையையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். தேங்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் எடுத்து முன்னால் வைத்தார்.

"தேங்காய் என்ன விலை அண்ணை?"

சொன்னார். அது நாங்கள் வாங்கின விலை.

"கத்தரிக்காய்?"

அதுவும் வாங்கின விலை.

"முருங்கைக்காய்?"

ஐயோ, இந்த மனிதரின் வாயை ஓடிப்போய்ப் பொத்தலாம் போல இருந்தது! பரிதாபப்பட்டு நல்லது செய்கிறாராம், மண்டையில் ஒன்றுமில்லாத மனிதர். யாருக்கு என்ன விலை சொல்கிறோம் என்று யோசிக்கவேண்டாமா?

அக்கா பேரம் பேசவில்லை. சாமான்களைப் பார்த்தபடி நின்றார். முதலாளிக்குத்தான் அந்த மௌனம் தாங்கவில்லை. "காசை யோசியாதேங்கோ பிள்ளை. கொண்டு போங்கோ," என்று தொடங்கினவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

"இந்தத் தேங்காயை இந்த விலைக்கு நான் போன மாசம்தான் வாங்கினனான்," என்றார் அக்கா. "சுபானியின்ர மாமனார் செத்த அண்டைக்கு. இப்ப ஆருக்கு அண்ணை செத்தவீட்டு விலை போடுறியள்?"

முதலாளி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"சிவசக்தி. எனக்கோ?"

சத்தியம் பண்ணியிருந்தேனே. ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அது போதும் அவருக்கு. முதலாளி போட்டுவைத்த கதிரையில் மெல்ல இருந்தார்.

"அவருக்குத் தெரியுமோ?"

தலையாட்டினேன்.

"தேனுவுக்கு?"

தலையாட்டினேன்.

"அப்ப முழுச் சனத்துக்கும் தெரியும். நான்தான் விசரி." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். பிறகு அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவர் உடம்பில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்ததென்று எனக்குத் தெரியாது. "அஞ்சு வருஷமா நான் என்ர பிள்ளையோட விலை பேசிக்கொண்டு நிக்கிறன். கடை பூட்டப்போகுது எண்டு ஒருத்தராவது சொன்னியளோ? சொன்னியளோடி?"

நான் அழுதேன். வேறென்ன செய்ய?

அவர் எழுந்தார். "அண்ணை, நான் இன்னும் உசிரோடதான் நிக்கிறன். சரியான விலையைப் போடுங்கோ." முதலாளி மூக்கைச் சிந்திக்கொண்டு வழக்கமான விலையைச் சொன்னார். "பத்துச் சதம் குறையுங்கோ," என்றார் அக்கா. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரலில் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை.

பையைத் தூக்கும்போது என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியுமெண்டு வீட்டில சொல்லாதை. அந்த மனிசன் தாங்காது. நாளைக்குச் சனிக்கிழமை, கஜன் வீட்டில நிப்பான். நீ என்னோட வா."

ஹனோவரில் சேலை மலிவு விற்பனை என்று வீட்டில் சொல்லிவிட்டு வெளிக்கிட்டோம். நான் ஏதாவது பலகாரம் கொண்டுபோவோமா என்றேன். "வேண்டாம். கையில சாமானோட போனால் விலை பேசப் போற மாதிரி இருக்கும்," என்றார். முகவரி தெரியாது, தெரியாது என்று அத்தனை வருடம் சொன்ன மனிசி, ஸ்டேஷனில் இருந்து எந்த ட்ராம், எந்தத் தரிப்பிடம், எத்தனையாம் மாடி என்று ஒருவரிடமும் கேட்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதைக் கண்டு எனக்கு மனம் தாங்கவில்லை. படியில் தட்டுக்குத் தட்டு நின்று மூச்சு வாங்கினார்.

மணியை அடித்தோம். கஜன் கதவைத் திறந்தான். தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடவுளே, இனி இவர் அவன் வாய் திறக்கட்டும் என்று நிற்கப்போகிறார், அவனும் அந்த வயிற்றில் பிறந்தவன்தானே என்று நான் பயந்தேன்.

"தம்பி, அம்மா பிழை விட்டிட்டன்," என்றார் அக்கா. "அண்டைக்கு அந்தப் பிள்ளையின்ர தகப்பனோட நான் அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது. நீங்கள் ரெண்டுபேரும் நல்லா இருந்திருப்பியள். நான்தான் கெடுத்தனான்."

ஆனால் என்றோ, நீயும் என்றோ, அதற்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை. அந்த வாயில் இருந்து பேரம் இல்லாமல் ஒரு பேச்சு வந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"உள்ள வாங்கோ அம்மா," என்று கஜன் அவர் கையைப் பிடித்தான்.

சோபாவில் இருத்தி முதுகுக்குத் தலையணை வைத்தான். ஹீட்டரைக் கூட்டினான். சோறும் பருப்பும் காய்ச்சினான். சோறு களி மாதிரிக் குழைந்துவிட்டது, இவனுக்கு இன்னும் சமைக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அக்கா அதில் நாலைந்து வாய் சாப்பிட்டார். பிறகு இரண்டு பேரும் ஒன்றுமில்லாத கதைகள் கதைத்தார்கள். "இந்தச் சோபா என்ன விலை?" என்று அக்கா கேட்டார். சொன்னான். "உன்ர தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கிறாங்கள்," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வருத்தத்தைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது. தாய் பாதியாகப் போய் முன்னால் இருக்கிறார், ஏனம்மா மெலிந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டானா? அப்படியும் ஒரு பிள்ளையா? வெளிக்கிடும்போது, "போயிட்டு வாறன் தம்பி," என்றார் அக்கா. "ஓம் அம்மா, வாங்கோ," என்று சொல்லி ட்ராம் மட்டும் வந்து ஏற்றிவிட்டான்.

திரும்பி வரும்போது அக்கா ரெயிலில் கண்ணாடிப் பக்கம் இருந்தார். சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசம்.

"சோறைக் குழையவிட்டிட்டான். ஆம்பிளைப் பிள்ளைதானே," என்றார். கொஞ்சநேரம் போக என் கையைப் பிடித்தார். "சிவசக்தி, இந்த ரெண்டு மாசமா அவர் என்னோட ஒரு சண்டை பிடிக்கேல்லை. மகள் படிப்பை விட்டிட்டுப் பக்கத்தில இருக்கிறாள். உன்ர முதலாளி கதிரை போடுறார். ஏனெண்டு எனக்கு இப்ப விளங்குது. எல்லாம் நான் சாகப்போறன் எண்டு காட்டுற இரக்கம். அவனுக்கு ஒண்டும் தெரியாது. தெரியாமலே என்னை உள்ள விட்டவன். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. கடைசி நாட்களில் கஜனும் வந்து வைத்தியசாலையில் நின்றான். அப்போது அக்கா அநேகமாக மயக்கத்தில்தான். விழிப்பு வரும்போது, "புண் ஆறிவருதாம்," என்று சிறீதரன் அண்ணை சொல்வார். "ஓம், எனக்கும் சுகமாத்தான் கிடக்கு," என்று அக்கா சொல்வார். ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லிச் சொல்லியே அனுப்பிவைத்தார்கள். தேனுஜா கட்டிலின் காலடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கையேட்டை அவள் பிறகு தொடவில்லை, ஆராய்ச்சியையும் விட்டுவிட்டாள்.

தகனம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். நான் சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்து, கோப்பைகள் கழுவி வைத்துவிட்டு வெளிக்கிட்டபோது கஜன் வேட்டியோடு படிக்கட்டுக்கு வந்தான்.

"அக்கா, அண்டைக்குத் திரும்பிப் போகேக்க அம்மா ஏதும் சொன்னவவோ?"

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். அதைச் சொல்லத் தருணம் வராதா என்று நெஞ்சுக்குள் பொத்திவைத்துக்கொண்டு திரிந்தேன். இந்தக் குடும்பத்தில் ஒருவராவது ஒருவருக்கு உண்மையைச் சொல்லட்டும் என்ற வீறாப்பும் எனக்கு இருந்தது. எல்லாம் சொன்னேன். அக்காவுக்குத் தெரியும், தெரிந்துதான் வந்தவர் என்று சொன்னேன். "நான் சாகப்போறது தெரியாமலே என்ர பிள்ளை என்னை உள்ள விட்டவன், எனக்கு அது காணும் எண்டு சொன்னவ தம்பி. அவ்வளவு சந்தோசமா இருந்தவ," என்றேன்.

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டான்.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றான். "தேனு முதல் நாளே போன் பண்ணினவள். நான் அண்டைக்கே வெளிக்கிட்டனான். வந்தியெண்டால் அம்மா கண்டுபிடிச்சிடுவா, வராதை எண்டு அழுதாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிண்டனான். அம்மாவுக்கு விழுங்க ஏலாதெண்டு தேனு சொன்னபடியால்தான் சோறைக் குழைய வச்சனான்."

என்ன செய்துவிட்டேன்! நல்லதென்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்தது, கல்லை எடுத்து அவன் நெஞ்சில் போட்டதாக முடிந்தது. எப்படியாவது அதை எடுத்துவிடவேண்டும் என்ற அந்தரத்தில் அவசரப்பட்டுக் கேட்டேன்:

"தெரியாட்டியும் திறந்திருப்பாய்தானே தம்பி? அம்மா நம்பினது சரிதானே?"

உள்ளே தேனுஜாவின் அழுகை கேட்டது. அவன் தன் கையைப் பார்த்தான்.

"அம்மா நம்பிக்கொண்டு போயிட்டா," என்றான். "எனக்குத்தான் தெரியாது அக்கா. அண்டைக்குத் தெரிஞ்சுகொண்டுதானே திறந்தனான். இனி நான் எப்பிடி அறியிறது?"

செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினேன்.